முன்குறியில் ஒரு கோணல்

மார்ச் 9, சனி

"சுடுறத விட எழுதுறதுதான் முக்கியம் வே" என்று வேதமுத்து சொன்னதால் இந்த நோட்டு. மருந்து எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், குண்டு எங்கே பட்டது, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுத வேண்டுமாம். எழுதாதவன் ஆயுசுக்கும் குறி தப்பிக்கொண்டே இருப்பானாம். வேதமுத்து பாளையங்கோட்டைக்காரர். இந்த ஒஹாயோ ஊரில் வாரம் ஐந்து நாள் பார்மசியில் மருந்து கொடுக்கிறார். சனிக்கிழமை துப்பாக்கிக் கிளப்பில் வேறு வகை மருந்தோடு பழகுகிறார்.

போன செப்டம்பரில் என்னையும் அங்கே கூட்டிப்போனார். அவர் துப்பாக்கியை வாங்கி ஒரே ஒரு தடவை சுட்டேன். குண்டு கறுப்பு வட்டத்தின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தது. எட்டுப் பேர் கை தட்டினார்கள். ஐம்பத்தொன்பது வயதுவரை யாரும் கை தட்டாத ஒருவனுக்குக் கை தட்டுவது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று அவர்களுக்குத் தெரியாது.

இன்று என் சொந்தத் துப்பாக்கி வந்தது. இரண்டு மணி நேரத் தொலைவில் ஹரால்டு என்பவர் தன் கொட்டகையில் கையாலேயே செய்த மசில்லோடர். இதற்குத் தோட்டா கிடையாது. குழலின் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, துணியில் வைத்த ஈயக்குண்டை இடிகம்பியால் அடிவரை தள்ளி, பின்னால் ஒரு கேப்பு மாட்டி, குதிரை என்கிற சுத்தியலை இழுத்துவிட்டு விசையை அழுத்த வேண்டும். ஒரு குண்டுக்கு மூன்று நிமிடம். அந்தக் காலத்துப் போர்வீரர்களின் வீரத்தைவிடப் பொறுமைதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

என் மனைவி கோமதி பெட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தாள்.

"கொசு பேட்ட எடுத்தா கொசுவத் தவிர எல்லாத்தையும் அடிக்கிற ஆளு நீங்க."

"இது தாளைச் சுடுவதற்குடி. எந்த உயிருக்கும் ஆபத்தில்லை."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

மார்ச் 16, சனி

முதல் நாள். இருபத்தைந்து கஜம். காற்று இல்லை. மருந்து: பூஜ்யம்.

பூஜ்யம் என்பது எழுத்துப்பிழை இல்லை. துணி வைத்தேன், குண்டு வைத்தேன், இடிகம்பியால் அழகாக அடிவரை தள்ளினேன். மருந்து போட மறந்துவிட்டேன். விசையை அழுத்தினால் கேப்பு மட்டும் 'டப்' என்றது. நான் கண்ணை இமைக்காமல் இலக்குத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன், குண்டு மெதுவாகக் கிளம்பும் என்பதுபோல.

"என்ன வே, விரதமா?" என்றார் வேதமுத்து. பிறகு கேப்பு மாட்டும் துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை நுழைத்து, அந்தக் குண்டை மண்மேட்டுக்குள் துப்ப வைத்தார். கிளப்பில் எல்லோருக்கும் ஒரு தடவை இப்படி நடக்குமாம். முதல் குண்டிலேயே நடந்தது எனக்குத்தானாம்.

அதற்குப் பிறகு ஐந்து குண்டு, ஐம்பது கிரெய்ன் மருந்து. ஐந்தும் ஐந்து திசையில்.

வீட்டுக்கு வந்ததும் கோமதி வாசலிலேயே மறித்தாள். "தீபாவளிக்கு மறுநாள் தெரு மாதிரி நாறுது. சட்டைய அங்கேயே கழட்டுங்க."

மார்ச் 17, ஞாயிறு

குழலைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். இனிமேல் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது என்று உத்தரவு.

மார்ச் 23, சனி

ஐம்பது கஜம். மேசைமேல் மணல்பை போட்டு, அதில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுட்டேன். இப்படிச் சுட்டால் கை நடுக்கத்தின் மேல் பழி போட முடியாது. அறுபது கிரெய்ன், பிறகு அறுபத்தைந்து. மெல்லிய துணி, தடித்த துணி. ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் ஈரத்துணியால் குழலைத் துடைத்தேன். குண்டுகள் தாளின் நாலு மூலையையும் சுற்றிப்பார்த்துவிட்டு வந்தன.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். குழல் நுனியில் முன்குறி என்று ஒரு சின்னத் தகடு நட்டுக்குத்தலாக நிற்கிறது. அதைப் பின்குறியின் பள்ளத்துக்குள் நிறுத்தித்தான் குறிபார்க்க வேண்டும். அந்தத் தகடு நேராக இல்லை! நடுவில் இடப்பக்கமாக ஒரு சின்ன வளைவு. ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

இதை வேதமுத்துவிடம் சொல்லவில்லை. அவர் கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடித்தேன் என்ற பெருமையை ஒரு வாரமாவது தனியாக வைத்திருக்கலாம் என்று.

மார்ச் 25, திங்கள்

தொழிற்சாலையில் நான் தரச் சோதனையாளன். இருபத்திரண்டு வருஷமாக ஷாஃப்ட் என்னும் இரும்புத் தண்டுகளில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். ஷாஃப்ட்டின் நிழலைப் பெரிதாக்கித் திரையில் காட்டும் கருவி ஒன்று உண்டு. இடது கண்ணை மூடி, திரையில் மூக்கு உரசுகிற மாதிரி நின்று பார்ப்பது என் பாணி. புதிதாகச் சேர்ந்த பையன்கள் அதைக் கேலியாக நடித்துக் காட்டுவார்கள்.

இன்று ரமோனாவின் கடைசல் எந்திரத்திலிருந்து வந்தவற்றில் நாற்பதைத் தள்ளிவிட்டேன். விளிம்பு அலை அலையாக இருக்கிறது. அவள் எந்திரத்தைத்தான் இரண்டு வாரமாகச் சோதித்துவருகிறேன், இரண்டு வாரமும் இதே கதை. பெரிய அளவுக் கருவியில் வைத்துப் பார்க்கலாமா என்று சூப்பர்வைசர் கேட்டார். அதற்கு வரிசையில் அரை நாள் நிற்க வேண்டும். "என் கண் போதும்" என்றேன்.

ரமோனா பதினொரு வருஷமாக அந்த எந்திரத்தில் நிற்கிறவள். வயதானால் கவனம் குறையத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு.

மார்ச் 28, வியாழன்

ஹரால்டுக்கு மெயில் போட்டேன். நல்ல ஆங்கிலம். 'இருபத்திரண்டு ஆண்டுகளாக நேர்கோடுகளோடு வாழ்பவன் என்ற முறையில்' என்று தொடங்கி, 'தங்கள் கவனத்துக்கு' என்று முடித்திருக்கிறேன். நடுவில் 'வருத்தமளிக்கிறது' மூன்று இடத்தில் வருகிறது.

மார்ச் 30, சனி

மழை. கிளப் இல்லை. ஹரால்டின் பதில் வந்தது, இரண்டே வரி: 'இங்கிருந்து கிளம்பும்போது நேராக இருந்தது. ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள்.'

எனக்கு ஸ்கேலா! வைத்துப் பார்க்கவில்லை. இரண்டாவது மெயில் போட்டேன்.

மார்ச் 31, ஞாயிறு

மத்தியானம் சோபாவில் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தேன். பாதி முகம் தலையணைக்குள். ஜன்னல் திரையின் பட்டைகள் நடுவில் தொய்ந்திருந்தன. போன வருஷம்தான் மாட்டியது.

"மாட்டினவனக் கூப்பிட்டு மாத்தச் சொல்லு."

கோமதி பார்த்தாள். "நல்லாத்தான இருக்கு?"

"உனக்கு அளவுக் கண் கிடையாது."

"சரி. அளவுக் கண்ணு உள்ளவுகளுக்கு ஒரு கேள்வி. போன்ல வாசிக்கும்போதெல்லாம் தலையச் சாய்க்கீங்களே, எதுக்கு?"

கழுத்து பிடித்திருக்கிறது. அதைத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 6, சனி

மூன்றாவது மெயிலுக்குப் பதிலே இல்லை. இனி அந்த மனிதரை நம்பிப் பயனில்லை என்று நானே அரத்தை எடுத்தேன். கராஜில் துப்பாக்கியை இறுக்குப்பிடியில் மாட்டி, முன்குறியின் இடப்பக்க வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். இரண்டு இழுப்பு, ஒரு பார்வை. மறுபடி இரண்டு இழுப்பு. வலப்பக்கம் மேலே சிறிது. மெல்லிய பித்தளை, வெண்ணெய்போல இறங்குகிறது. மூன்று மணி நேரம். காப்பி இரண்டு தடவை ஆறிப்போனது.

கடைசியில் வந்தது பாருங்கள், சுத்தமான நேர்கோடு! கோமதியை அழைத்துக் காட்டலாமா என்று நினைத்தேன். அளவுக் கண் இல்லாதவளிடம் காட்டி என்ன ஆகப்போகிறது?

ஏப்ரல் 8, திங்கள்

ரமோனாவுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். இன்னொன்று வந்தால் வேலை போகும். காகிதத்தின் அடியில் சோதனையாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

சாப்பாட்டு நேரத்தில் அவள் என் மேசைக்கு வந்து, ஒரு ஷாஃப்ட்டை வைத்தாள். "உன் விரலால் தடவிப் பார்" என்றாள். தடவினேன். வழவழவென்று இருந்தது. விரல் ஏமாற்றும் என்றேன். அவள் ஷாஃப்ட்டை எடுத்துக்கொண்டு எந்திரத்துக்குத் திரும்பினாள். திட்டியிருந்தால் மத்தியானச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

ஏப்ரல் 13, சனி

வரிசையாக எழுதுகிறேன். அப்போதுதான் புரியும், எனக்கு.

காலை பத்து மணி. நல்ல வெயில். மேசையில் துப்பாக்கியை வைத்துவிட்டு மருந்து அளந்துகொண்டிருந்தேன். வேதமுத்து அதை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தார். உடனே கீழே இறக்கினார். மறுபடி வைத்துப் பார்த்தார்.

"ஆவுடையப்பன், இத யாரு வே கடிச்சது?"

"எதை?"

"முன்குறிய. எலி கொறிச்ச மாதிரில்லா இருக்கு."

"கோணலாக வந்தது. நான்தான் நேராக்கினேன்."

அவர் சிரிக்கவில்லை. மருந்து போட மறந்த அன்றைக்கு அவ்வளவு சிரித்தவர். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"இது நேராவா வே இருக்கு?"

"நீர் கண்ணாடியைத் துடைத்துப்போட்டுப் பாரும்."

பேச்சு வளர்ந்தது. என் பையில் எப்போதும் ஒரு வெர்னியர் அளவுகோல் இருக்கும். மனிதர்களை நம்பாவிட்டாலும் அதை நம்புவேன். தகட்டின் அடியில், நடுவில், நுனியில் அளந்தேன். மூன்று எண்ணும் மூன்று விதம். நடுவில் பாதிக்குப் பாதி தேய்ந்திருந்தது. இரண்டாம் தடவை அளந்தேன். எண் மாறவில்லை.

"எந்தக் கண்ணால பாக்கீரு?" என்றார் வேதமுத்து.

"வலது."

"அத மூடிட்டு இடதால பாரும்."

பார்த்தேன். எலி கொறித்த தகடு. இடதை மூடி வலதால் பார்த்தேன். அழகான நேர்கோடு. தலையைத் தூக்கி, ஐம்பது கஜத்தில் இலக்குத்தாள் மாட்டியிருக்கும் கம்பங்களைப் பார்த்தேன். இடது கண்ணுக்கு இரண்டு கம்பம். வலது கண்ணுக்கு, நடுவில் நெருப்புக் காட்டி வளைத்த இரண்டு கம்பம்.

"வெயில் கூசுது" என்றேன்.

"வெயில் ஒரு கண்ணுல மட்டும் கூசாது வே. நான் மருந்து விக்கிறவன். நாளைக்கு ஞாயித்துக்கெழம, திங்கக்கெழம காலையில கண் டாக்டர்ட்ட நிக்கணும் நீரு. வீட்ல சொல்லும்."

சரி என்றேன். வீட்டில் சொல்லவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. பாயசம், வடை. கோமதி புதுப் புடவை கட்டியிருந்தாள்.

நாள் முழுக்க வீட்டைச் சோதித்தேன். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி. கதவு நிலை: வளைவு. ஜன்னல் திரை: நேராகத்தான் இருக்கிறது, பாவம் மாட்டியவன். காலண்டர்: ஞாயிற்றுக்கிழமைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கின்றன.

சாப்பிடும்போது எதிரில் கோமதி. இடது கண்ணை மூடிப் பார்த்தேன். புடவைக் கரை தெரிந்தது, காது தெரிந்தது, கம்மல் தெரிந்தது. முகத்தின் நடுவில் யாரோ ஈரக்கையால் தேய்த்துவிட்ட மாதிரி இருந்தது.

"என்ன, வயசான காலத்துல கண்ணடிக்கீங்க?" என்றாள்.

பாயசம் நன்றாக இருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 15, திங்கள்

டாக்டரிடம் போகவில்லை. ஆனால் இன்று சேதி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று விசாரிக்க வேதமுத்து போன் போட்டிருக்கிறார். எந்த டாக்டர் என்று கேட்டிருக்கிறாள் கோமதி.

நான் ஷூவைக் கழற்றுவதற்குள் வந்து எதிரில் நின்றாள்.

"துப்பாக்கி வளஞ்சதுக்கு மூணு மெயில் போடத் தெரிஞ்ச மனுசனுக்கு, கண்ணு வளஞ்சதச் சொல்ல ஒரு வார்த்த கெடைக்கலையா?"

"பயமாக இருந்தது" என்று சொல்ல நினைத்தேன். "நீ பயந்துடுவியேன்னுதான்" என்று வந்தது.

"நான் பயப்படுவேன். பயந்துகிட்டே டாக்டருக்குப் போன் பண்ணுவேன். பண்ணிட்டேன். நாளைக்குக் காலையில ஒம்பது மணி."

பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். கழுவ வேண்டியது இரண்டு தம்ளர்தான்.

ஏப்ரல் 16, செவ்வாய்

டாக்டர் ஒரு கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, ஒரு கண்ணால் பார்த்து வளைந்து தெரிகிற இடத்தில் வரையச் சொன்னார். வரைந்து முடித்தபோது அது மீன்வலைபோல இருந்தது. விழித்திரையின் நடுவில் புதிதாக ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிகின்றனவாம். அதை நிறுத்த ஊசி உண்டு. எங்கே என்று கேட்டேன். கண்ணுக்குள் என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஊசியைப் பற்றி வீரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உண்மை இது: மரத்துப்போக மருந்து விட்டார்கள், வலிக்கவே இல்லை, ஆனால் நான் நர்ஸின் கையைப் பிடித்த பிடியில் அவள் மோதிரத்தின் அச்சு என் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் மிகத் தாமதமாக வருவார்கள், நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும் என்றார் டாக்டர். நீங்கள் எப்படி இவ்வளவு சீக்கிரம் கவனித்தீர்கள் என்று கேட்டார்.

"கவனிச்சது இவரு இல்ல" என்று கோமதி எனக்குத் தமிழில் சொன்னாள். ஆங்கிலத்தில் அவரிடம், "துப்பாக்கி" என்றாள். டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். விளக்கிச் சொல்ல ஐந்து நிமிடம் ஆயிற்று.

இனி மாதம் ஒரு ஊசி. இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது முழுக்கத் திரும்பாது.

ஏப்ரல் 18, வியாழன்

முதலில் சூப்பர்வைசர் அறை. இரவு முழுக்கத் தயாரித்த பேச்சு ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு, "நான் தள்ளிய ஷாஃப்ட்டுகளை எல்லாம் பெரிய கருவியில் வைத்து அளங்கள். என் வலது கண் சரியில்லை" என்றேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். எனக்கு உட்கார இஷ்டமில்லை.

கழிவுத் தொட்டியிலிருந்து நூற்றுப்பதினேழு எடுத்து அளந்தார்கள். நூற்றுப்பதினொன்று நல்லவை. மாலைக்குள் ரமோனாவின் எச்சரிக்கையைக் கிழித்துவிட்டார்கள். என்னைத் திரையிலிருந்து எடுத்துக் காகித வேலைக்கு மாற்றினார்கள். துரத்தவில்லை. அதற்கும் நான் தயாராகத்தான் போயிருந்தேன்.

பிறகு ரமோனா. எந்திரத்தை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"உன் கண் நல்லபடியாகட்டும்" என்றாள். "நிஜமாகத்தான் சொல்கிறேன். ஆனால் என் கையில்தான் ஏதோ கோளாறு என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். பதினொரு வருஷத்தில் முதல் தடவை எந்திரத்தைத் தொடப் பயந்தேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்."

தெரிந்துகொண்டேன். அவள் எந்திரத்தை ஓடவிட்டாள். அதற்குமேல் அங்கே நிற்க எனக்கு என்ன உரிமை?

ஏப்ரல் 20, சனி

ஹரால்டுக்கு நாலாவது மெயில். 'இருபத்திரண்டு ஆண்டுகளாக' எல்லாம் இல்லை. தகடு நேராக இருந்தது, நான்தான் கெடுத்தேன், மன்னியுங்கள். ஒரு மணி நேரத்தில் போன் செய்தார். என் மூன்று மெயில்களையும் மனைவிக்கு உரக்க வாசித்துக் காட்டினாராம். 'வருத்தமளிக்கிறது' இப்போது அவர்கள் வீட்டில் காப்பி ஆறிப்போனால்கூடச் சொல்கிற வார்த்தையாம். புதுத் தகடு அனுப்புகிறேன், அதை மட்டும் தொடாதே என்றார்.

மே 14, செவ்வாய்

இரண்டாவது ஊசி. ஊசி நாளில் நான் கார் ஓட்டக் கூடாது. கோமதிக்கு ஹைவே ஒத்துவராது என்று பதினெட்டு வருஷமாக நானே முடிவுசெய்து வைத்திருந்தேன். எழுபது மைலில் போனாள். ஒரு லாரியை முந்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், இரண்டையும்.

ஜூன் 8, சனி

புதுத் தகட்டை வேதமுத்து மாட்டினார். இனி இடது தோள், இடது கண். கட்டையை வைக்கும் இடம் தெரியவில்லை, கன்னம் தப்பான பக்கம் சாய்கிறது, விசைக்கு எந்த விரல் என்று விரல்களுக்குள் சண்டை. பத்துக் குண்டில் தாளைத் தொட்டது இரண்டு. அதில் ஒன்று பக்கத்து ஆளின் தாள்.

ஜூலை 20, சனி

தாளில் ஏழு. பின்குறியைச் சுத்தியலால் மெல்லத் தட்டி இடப்பக்கம் ஒரு மயிரிழை நகர்த்தினோம். தட்டியது நான் இல்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஐந்தாவது ஊசி. கசிவு நின்றிருக்கிறதாம். வலது கண்ணால் கோமதியின் முகத்தைப் பார்த்தேன். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய மூக்கு இருக்கிறது.

அக்டோபர் 12, சனி

கிளப் போட்டி. ஐம்பது கஜம், பத்துக் குண்டு, நின்றபடி. இருபத்தாறு பேர்.

ஒவ்வொரு குண்டுக்கும் நானே ஓடிப்போய்த் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு வந்தால் மூச்சு சீராக இருக்காது, யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லும் என்றார் வேதமுத்து. கோமதி நாற்காலி போட்டு, காதடைப்பு மாட்டி, எனக்குப் பின்னால் தொலைநோக்கியோடு உட்கார்ந்தாள்.

முதல் குண்டு.

"எங்க பட்டுது?"

"உண்மையச் சொல்லட்டுமா, நல்லதாச் சொல்லட்டுமா?"

"உண்மை."

"வலப்பக்கம், மேல. தாளுக்குள்ளதான்."

திரும்பிப்போய்ப் பார்க்கக் கால் துடித்தது. எவ்வளவு வலம், எவ்வளவு மேல், அவளுக்கு எப்படித் தெரியும்? பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சொன்னதற்கு ஏற்றபடி குறியைக் கொஞ்சம் கீழே, கொஞ்சம் இடமாக வைத்தேன். இரண்டாவது கீழே விழுந்தது. மூன்றாவது, நாலாவது கறுப்பின் ஓரம். ஏழாவதில் துணி சரியாக உட்காராமல் எங்கோ பறந்தது. அதையும் அவள் தயவுதாட்சண்யம் இல்லாமல் சொன்னாள்.

ஒன்பதாவது. புகை கலைந்தது.

"கோமதி?"

"இருங்க, சரியாப் பாத்துச் சொல்லுதேன்." நாற்காலியை முன்னால் இழுக்கும் சத்தம். "கறுப்புக்குள்ள. நடுவுக்கு ரெண்டு விரல்கட கீழ."

"நிச்சயமா?"

"நம்பிக்க இல்லன்னா வந்து பாத்துக்கோங்க."

தொலைநோக்கி மூன்று அடி தூரத்தில்தான் இருந்தது. திரும்பினால் பார்த்துவிடலாம். நோட்டை எடுத்து, 'ஒன்பது: கறுப்பு, நடுவுக்கு இரண்டு விரற்கடை கீழே' என்று எழுதினேன். பத்தாவது குண்டுக்கு மருந்தை அளந்தேன்.